சலரோகக்காரர் பழம் அடித்துக் குடிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

மாம்பழக் காலம் தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். இம்முறை வந்தவை பெரும்பாலும் ஒரே விடயத்தைச் சுற்றியே நிற்கின்றன: சலரோகம் உள்ளவர்கள் பழத்தை பிளெண்டரில் அடித்து ஸ்மூதியாகக் குடிக்கலாமா, குடித்தால் எதை, எவ்வளவு? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் தருகிறோம். இங்கே சொல்பவை சமையலறைக்கு உரியவை. குளிசையின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதென்றால் உங்கள் கிளினிக்கில் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: என்ரை கணவருக்கு 58 வயது. ஆறு வருடமாக சுகர், மெற்போமின் குளிசை மட்டும் எடுக்கிறார். பிள்ளைகள் ஒரு பிளெண்டர் வாங்கித் தந்திருக்கிறார்கள். பழத்தைக் கடித்துச் சாப்பிடு, அடித்துக் குடிக்காதே என்று ஒருவர் சொல்கிறார். அடித்தாலும் ஒன்றுதான் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? சரியென்றால் என்ன என்ன போட வேண்டும்?
— வாசகி, கோண்டாவில்

பதில்: இரண்டு பேரும் பாதி சரி. பழத்தை அரைத்தால் நார் அழிந்துபோகாது, துண்டாகிறது, அவ்வளவுதான். நாரைத் தொலைப்பது பிளெண்டர் அல்ல, வடிகட்டி. அடித்து, வடித்து, சக்கையைக் கொட்டிவிட்டு மிஞ்சும் தெளிந்த சாறுதான் சீனித் தண்ணீரைப் போல விறுவிறுவென்று இரத்தத்தில் ஏறும். வடிக்காத ஸ்மூதி அப்படியல்ல.

ஆனால் கடித்துச் சாப்பிடு என்பவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு கொய்யாப்பழத்தை மென்று தின்னப் பத்து நிமிடம் வேண்டும், இரண்டாவது பழத்தின் பாதியிலேயே போதும் என்று தோன்றிவிடும். அதே இரண்டையும் அடித்தால் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும், வயிறு நிறைந்ததாகவும் தெரியாது. ஆகவே பிரச்சினை அளவில். கண்ணால் மட்டுக்கட்டாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். சிறிய சமையல் தராசு இல்லாவிட்டால் ஒரு முறை கடையில் 100 கிராம் சதையை நிறுவித்து, அது உங்கள் வீட்டுக் கோப்பையில் எந்த மட்டத்துக்கு வருகிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு, ஒரு கிளாசுக்கு (ஏறத்தாழ 250 மில்லிலீற்றர்) நாங்கள் முதலில் பரிந்துரைப்பது கொய்யாவைத்தான். தோலோடு 100 கிராம் கொய்யா, சீனி போடாத பசுத்தயிர் 100 கிராம், தண்ணீர் 80 மில்லிலீற்றர், உப்பில்லாமல் வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 15 கிராம், ஊறவைத்த கசகசா ஒரு தேக்கரண்டி, ஒரு சிறு துண்டு இஞ்சி, கறுவாத்தூள் இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. கசகசா என்று நாங்கள் சொல்வது சர்பத்துக்குப் போடும் அந்தக் கறுப்பு விதையை. அதை அரைக் கோப்பைத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக வீங்கிய பிறகு, அரைத்து முடிந்ததும் கடைசியில் கலக்க வேண்டும். காய்ந்தபடி விழுங்கினால் தொண்டையில் வீங்கி அடைக்கும். வயதானவர்களுக்கு இது விளையாட்டல்ல.

பிளெண்டரில் முதலில் தண்ணீரும் தயிரும், பிறகு கச்சான், கடைசியாகப் பழம். பழத்தை முதலில் போட்டால் அலகுக்கு அடியில் சிக்கி மேலே சுற்றாமல் நிற்கும். உடனே எல்லோரும் செய்வது இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவது, கடைசியில் ஒரு கிளாஸ் இரண்டு கிளாசாகிறது. குறைந்த வேகத்தில் 15 செக்கன், பிறகு கூடிய வேகத்தில் 30 செக்கன் போதும். அதற்கு மேல் ஓடினால் நுரை கட்டும்.

இந்தக் கிளாசில் மாச்சத்து, அதாவது சீனியும் மாப்பொருளும் நாரும் சேர்ந்தது, ஏறத்தாழ 22 முதல் 24 கிராம் வரும். அதில் 8 கிராமளவு நார், அது சீனியாக மாறாது. தயிரிலும் கச்சானிலும் உள்ள புரதமும் கொழுப்பும் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதால் ஏற்றமும் மெதுவாக வரும். தயிரை விட்டுவிட்டுப் பழத்தையும் தண்ணீரையும் மட்டும் அடித்துக் குடிப்பவர்கள் இந்த நன்மையை இழந்துவிடுகிறார்கள்.

இனி முக்கியமானது. இந்தக் கிளாஸ் ஒன்றரைத் துண்டு பாணுக்குக் கிட்டத்தட்டச் சமம். இதைக் குடிக்கிற காலையில் அந்த அளவுக்குப் பாணையோ இடியப்பத்தையோ பிட்டையோ குறைக்க வேண்டும். வழமையான சாப்பாட்டையும் முடித்துவிட்டு, உடம்புக்கு நல்லதுதானே என்று மேலதிகமாக இதையும் குடித்தால் சுகர் கூடத்தான் செய்யும். அதற்குப் பழத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சீனியில்லாத வெறும் தேத்தண்ணிக்குப் பதிலாகவும் இதைக் குடிக்க வேண்டாம். வெறும் தேத்தண்ணியில் சீனி ஏற்ற எதுவுமே இல்லை.

கேள்வி: முற்றத்தில் இரண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம். காலத்தில் தின்னாமல் இருக்கவும் முடியாது, தின்னவும் பயம். எந்தப் பழம் எவ்வளவு போடலாம் என்று ஒரு கணக்குத் தாருங்கள்.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: ஒரு வேளைக்குப் பழத்திலிருந்து வரும் மாச்சத்து 15 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. 100 கிராம் சதையில் மாம்பழத்தில் 15 கிராம், வாழைப்பழத்தில் 23, பப்பாப்பழத்தில் 11, அன்னாசியில் 13, கொய்யாவில் 14, தோடம்பழத்தில் 12, மாதுளை முத்தில் 19, வத்தகப்பழத்தில் 7 முதல் 8 கிராம். எல்லாம் ஏறத்தாழத்தான். பழுத்த அளவுக்கும் இனத்துக்கும் தக்க கூடிக் குறையும்.

கொய்யாவும் மாம்பழமும் பார்த்தால் ஒரே கணக்குப் போலத் தெரியும். ஆனால் கொய்யாவின் 14 கிராமில் 5 கிராம் நார். மாம்பழத்தின் 15 கிராமில் நார் 2 கிராமும் வராது, மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் சீனி. அதனால்தான் கறுத்தக்கொழும்பானை 75 கிராமோடு நிறுத்தச் சொல்கிறோம். ஒரு நடுத்தரப் பழத்தின் சதை 200 கிராமைத் தாண்டிவிடும், ஆக மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்கு. மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அல்லது 75 கிராம் பொதிகளாகக் கட்டி உறைய வையுங்கள். காலம் முடிந்த பிறகும் கைகொடுக்கும். உறைந்த சதையைப் போட்டால் ஐஸ் தேவைப்படாது, ஸ்மூதியும் தடிப்பாக வரும். 75 கிராம் மாம்பழம், 120 கிராம் தயிர், 80 மில்லிலீற்றர் தண்ணீர், ஏலக்காய் ஒன்று, ஊறிய கசகசா. இதுவே போதும். விளாட்டு, அம்பலவி மாம்பழங்களும் இதே கணக்கில்தான்.

வாழைப்பழத்தில் கதலி நல்லது என்று பலர் எழுதுகிறார்கள். கதலிக்கு விசேட மருத்துவக் குணம் ஒன்றுமில்லை. சிறிய பழம் என்பதால் தானாகவே அளவு குறைகிறது, அதுதான் இரகசியம். ஒரு சிறு கதலியின் சதை 50 கிராமளவு, மாச்சத்து 11 அல்லது 12 கிராம். இதரையோ கப்பலோ என்றால் பாதிப் பழம். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து கனிந்தது வேண்டாம், கனியக் கனிய மாப்பொருள் சீனியாக மாறுகிறது. வாழைப்பழம் போட்டால் மாம்பழம் இல்லை, மாம்பழம் போட்டால் வாழைப்பழம் இல்லை. ஒரே கிளாசில் மூன்று நான்கு பழம் போடுவதுதான் கணக்கைக் குழப்புகிற வழக்கம்.

வத்தகப்பழத்தில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் நார் இல்லை என்றே சொல்லலாம், அடித்தால் தண்ணீராகிவிடும், யாரும் 100 கிராமோடு நிறுத்துவதும் இல்லை. அதைத் துண்டாகவே சாப்பிடுங்கள். ஆனைக்கொய்யா எனப்படும் அவக்காடோ இதற்கு நேரெதிர். 100 கிராமில் மாச்சத்து 8 முதல் 9 கிராம், அதிலும் 6 கிராமுக்கு மேல் நார். சீனியை ஏற்றாது. ஆனால் 160 கலோரி வரை இருப்பதால் உடம்பு எடை கூடியவர்கள் 50 கிராமுக்கு மேல் போக வேண்டாம். மற்றப் பழத்தோடு 30 கிராம் சேர்த்தால் தயிர் குறைந்தாலும் ஸ்மூதி தடிப்பாக நிற்கும்.

நாவற்பழமும் நெல்லியும் கிடைக்கிற காலத்தில் சேருங்கள், நெல்லியில் சீனி குறைவு, விற்றமின் சி மிக அதிகம். இரண்டு நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி மாம்பழத்தோடு அடித்தால் புளிப்பும் இனிப்பும் சமப்படும். நாவல் விதைத் தூள் குடித்தால் குளிசையை நிறுத்தலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சீனி போடுவதில்லை. பனங்கட்டி, தேன், பேரீச்சம்பழம் இவற்றில் எது நல்லது?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: ஸ்மூதிக்கு மூன்றும் வேண்டாம். பனங்கட்டியில் சீனியில் இல்லாத சில தாதுக்கள் சிறு அளவில் உண்டு, எங்கள் ஊரின் பெருமையும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது சீனிப் போத்தலில் இருக்கும் அதே பொருள். 10 கிராம் பனங்கட்டி 9 கிராமளவு சீனியைத் தரும். ஒரு மேசைக்கரண்டித் தேன் 17 கிராம். ஒரு சிறிய பேரீச்சம்பழம் 6 கிராம், நான்கு போட்டால் ஒரு முழு மாம்பழ ஸ்மூதியைத் தாண்டிவிடும்.

இனிப்புப் போதாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர். ஐஸ் போட்டவுடன் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும், உடனே கை சீனிப் போத்தலுக்குப் போகும். ஐஸைக் குறைத்துப் பாருங்கள். ஒரு சிட்டிகை உப்பு புளிப்பையும் கசப்பையும் அடக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். கறுவா, ஏலக்காய், வனிலா மூன்றும் இனிப்பை நினைவூட்டும் வாசனைகள். இரண்டு கிழமை சீனியில்லாமல் குடித்தால் நாக்கு பழகிவிடும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் சுக்கிரலோசு அல்லது ஸ்ரீவியா குளிசை ஒன்று போட்டால் குற்றமில்லை.

கடையில் யோகட் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். கோப்பைகளில் வரும் வழமையான யோகட் சீனி சேர்த்தது. உறையில் சீனி சேர்க்காதது என்று தெளிவாக இருக்க வேண்டும், அல்லது வீட்டுத் தயிர். மோல்ற் மாவும் சுவையூட்டிய பால்மாவும் போடுவது, சீனி போடவில்லை என்று சொல்லிக்கொண்டே சீனி போடுவதுதான்.

கேள்வி: பப்பாப்பழமும் பாலும் அடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். இரவு எடுத்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. பழம் நல்ல பழம். பால் பழுதா?
— வாசகி, சுன்னாகம்

பதில்: பாலும் பழுதில்லை, பழமும் பழுதில்லை. பப்பாப்பழத்தில் புரதத்தை வெட்டும் நொதியம் இருக்கிறது, பப்பெயின் என்று பெயர். இறைச்சி மெதுவாகட்டும் என்று பப்பாக்காய்த் துண்டு போடுகிறோமல்லவா, அதே சாமான்தான். அது பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக்கும்போது உண்டாகும் சிறு துணுக்குகள் கசப்பவை. குளிரில் மெதுவாக நடக்கும், நிற்காது. அன்னாசியில் இன்னும் வேகம், அரை மணித்தியாலத்திலேயே கசப்பும் திரிதலும் தெரியும். தயிரோடும் இதேதான், தயிரின் புளிப்பு கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

வழி இரண்டு. அடித்தவுடன் 10 நிமிடத்துக்குள் குடித்துவிடுவது ஒன்று. வைத்துக் குடிக்க வேண்டுமானால் பழத்தைத் தனியாக அடித்து வைத்து, குடிக்கிற நேரம் தயிரைக் கலப்பது மற்றது. அன்னாசியைத் துண்டாக்கி 5 நிமிடம் ஆவியில் அவித்து ஆறவிட்டால் நொதியம் செயலிழந்துவிடும், விற்றமின் சி கொஞ்சம் போகும். தேசிப்புளி விட்டபின் பசுப்பால் சேர்த்தால் திரைவது வேறு காரணம், அது அமிலத்தால். தேசிக்காயோ பாஷன் புரூட்டோ சேர்க்கிற ஸ்மூதிக்குப் பாலைவிடத் தயிர்தான் தோது.

பப்பாப்பழம் 120 கிராம், தயிர் 100 கிராம், தண்ணீர் 50 மில்லிலீற்றர், வறுத்த எள்ளு ஒரு தேக்கரண்டி, இஞ்சி. பிளெண்டரை நிறுத்திய கையோடு குடியுங்கள்.

கேள்வி: கொய்யா விதை பல்லில் கடிபடுகிறது. வடித்தால் நார் போய்விடும் என்கிறீர்கள். என்னதான் செய்வது?
— வாசகர், அச்சுவேலி

பதில்: பழத்தை நான்காக வெட்டி, விதையுள்ள நடுப்பகுதியைக் கரண்டியால் தோண்டி எடுங்கள். அதை மட்டும் 80 மில்லிலீற்றர் தண்ணீரோடு மிகக் குறைந்த வேகத்தில் 10 செக்கன் சுற்றி, தேத்தண்ணி வடியால் வடித்து, அந்தத் தண்ணீரையே ஸ்மூதிக்கு ஊற்றுங்கள். கூடிய வேகத்தில் சுற்றினால் விதை உடைந்து மணல் கடித்தது போல வரும், எந்த வடியிலும் நிற்காது. வெளிச்சதையும் தோலும் முழுதாக உள்ளே போவதால் நாரில் ஒரு பகுதிதான் குறையும்.

கேள்வி: அம்மாவுக்கு 20 வருடமாகச் சலரோகம். இப்போது கிரியேற்றினின் கூடியிருக்கிறது, சிறுநீரகக் கிளினிக்குக்கும் போகிறோம். பச்சைக் கீரையும் இளநீரும் போட்ட ஸ்மூதி சிறுநீரகத்தைச் சுத்தமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கொடுக்கலாமா?
— வாசகி, நெல்லியடி

பதில்: கொடுக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் வாசியுங்கள்.

சிறுநீரகம் பலவீனமானால் பொற்றாசியத்தை வெளியேற்றும் வேலை தடைப்படலாம். இரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே குழம்பும். 100 மில்லிலீற்றர் இளநீரில் 250 மில்லிகிராமளவு பொற்றாசியம் உண்டு, ஒரு முழு இளநீர் என்றால் பெருக்கிப் பாருங்கள். சீனிக்கு நல்லது என்று மேலே நாங்கள் முதலிடம் கொடுத்த கொய்யாவிலும் 100 கிராமில் 400 மில்லிகிராமைத் தாண்டும், அவக்காடோவில் அதைவிடக் கூட, வாழைப்பழத்தில் 350. சுகருக்கு ஏற்ற பழம் சிறுநீரகத்துக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. அப்பிளிலும் அன்னாசியிலும் 110 மில்லிகிராமளவுதான்.

பச்சைக் கீரை விடயம் இன்னொன்று. பசளி இனக் கீரைகளில் ஒட்சலேற்று அதிகம். அவித்து நீரை ஊற்றினால் ஒரு பகுதி போய்விடும். பச்சையாகக் கைபிடி கைபிடியாக அடித்துத் தினமும் குடித்தால் அது முழுக்க உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் பளிங்காகப் படியலாம். பிலிம்பிக்காய்ச் சாற்றுக்கும் இதே ஆபத்து.

எல்லாவற்றிலும் மோசமானது காமரங்காய், நட்சத்திர வடிவில் வெட்டுப்படுமே அது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதில் உள்ள ஒரு நச்சுப் பொருள் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, உயிராபத்து வரை போகும். ஒரு பழமே போதும். சாறாகவும் வேண்டாம், துண்டாகவும் வேண்டாம், சம்பலாகவும் வேண்டாம்.

அம்மாவின் அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொற்றாசிய அளவு என்னவென்று கேளுங்கள். கிளினிக்கில் பழம் சாப்பிடலாம் என்று அனுமதித்தால் 75 கிராம் அப்பிளோ அன்னாசியோ, தயிரின் அளவையும் அவர்களிடம் கேட்டுப் போடுங்கள். தயிரிலும் பொற்றாசியமும் பொசுபரசும் உண்டு. கொலஸ்ரரோலுக்கு அற்றோவாஸ்ரற்றின் அல்லது சிம்வாஸ்ரற்றின் எடுப்பவர்கள் கிரேப்புரூட்டையும் ஜம்போலாவையும் ஸ்மூதியில் சேர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. அம்மருந்துகள் உடலில் உடைவதை கிரேப்புரூட் தடுக்கும், ஜம்போலாவும் அதன் உறவுதான்.

கேள்வி: ரவுனுக்குப் போனால் கூல்பாரில் அல்லது பெட்டிக்கடையில் ஏதாவது குடிக்காமல் வர முடிவதில்லை. எதைக் கேட்டு வாங்கலாம்?
— வாசகர், மானிப்பாய்

பதில்: கூல்பாரில் ஜூஸ் என்றால் பழத்தோடு சீனிப்பாணி ஊற்றுவதுதான் வழமை. சீனி வேண்டாம், ஐஸ்கிறீமும் வேண்டாம் என்று அடிக்க முன்னரே சொல்லுங்கள். சொன்னாலும் கிளாஸ் பெரிது. பாதியைக் கூட வந்தவருக்குக் கொடுங்கள்.

பெட்டியிலும் போத்தலிலும் வரும் பானங்களுக்கு இலங்கையில் 2016 முதல் நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி, மஞ்சள் 2 முதல் 11 கிராம், பச்சை 2 கிராமுக்குக் கீழ். 200 மில்லிலீற்றர் சிவப்புப் பெட்டி ஒன்றில் 22 கிராமுக்கு மேல், அதாவது நாலைந்து தேக்கரண்டி. மஞ்சளைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், 10 கிராமும் மஞ்சள்தான். பெட்டியில் பழப் படம் எவ்வளவு பெரிது என்பதற்கும் உள்ளே இருக்கும் நாருக்கும் சம்பந்தமில்லை. உப்பு மோர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கேள்வி: கந்தசஷ்டி ஆறு நாளும் பகலில் ஒன்றும் சாப்பிடாமல் இரவில் பாலும் பழமும் மட்டும் எடுப்பது எங்கள் வழக்கம். இப்போது கிளிக்கிளசைட்டும் மெற்போமினும் எடுக்கிறேன். பாலையும் பழத்தையும் ஸ்மூதியாக அடித்து விரதம் பிடிக்கலாமா?
— வாசகி, நல்லூர்

பதில்: ஸ்மூதி இங்கே இரண்டாவது விடயம். முதல் விடயம் கிளிக்கிளசைட். அது நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். பகல் முழுக்க வெறும் வயிற்றோடு அதை விழுங்கினால் சுகர் விழுந்துவிடும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் அதே கதை. எம்பாகிளிஃபுளோசின், டாப்பாகிளிஃபுளோசின் வகைக் குளிசைகளுக்கு வேறொரு ஆபத்து: நீரும் உணவும் குறைந்தால் இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம், அப்போது சுகர் எண் பெரிதாகக் கூடாமலும் இருக்கும். விரதம் தொடங்க இரண்டு கிழமை முன்னரே கிளினிக்கில், இந்த ஆறு நாள் இப்படி இருக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். மருந்தை எப்படி மாற்றுவது என்று அவர்கள் சொல்வார்கள். சொல்லாமல் நீங்களாகவே குளிசையை விடுவதும், விடாமல் பட்டினி கிடப்பதும் இரண்டும் பிழை.

அனுமதி கிடைத்தால், இரவில் ஒரே தடவையில் பெரிய கிளாஸ் குடிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் சீனி போடாத பசுப்பால் 150 மில்லிலீற்றர், பழம் 75 கிராம், ஊறிய கசகசா, சேர்க்கலாமென்றால் கச்சானோ எள்ளோ. பாலிலும் 7 கிராமளவு இயற்கைச் சீனி உண்டு, அதையும் கணக்கில் எடுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம். கையில் சுகர் பார்க்கும் மீற்றர் இருக்க வேண்டும். எண் (mg/dL அளவில்) 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ, உடம்பு நடுங்கி வியர்த்தாலோ விரதத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

கேள்வி: சுகர் திடீரென்று இறங்கி நடுக்கம் வந்தால் இந்த ஸ்மூதியைக் கொடுக்கலாமா? பழம்தானே?
— வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: கூடாது. நாரும் தயிரும் கச்சானும் சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தத்தான் போட்டோம். இறங்கிய நேரத்தில் உங்களுக்கு வேண்டியது அதற்கு நேரெதிரானது. நிறைந்த மூன்று தேக்கரண்டி குளுக்கோசு அல்லது சீனி, ஏறத்தாழ 15 கிராம், அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீற்றரில் பாருங்கள், இன்னும் 70க்குக் கீழென்றால் மறுபடி அதே அளவு. அக்கார்போசு என்ற சலரோகக் குளிசை எடுப்பவர்களுக்குச் சீனி உடனே வேலை செய்யாது, குளுக்கோசுதான் வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நிலைமை சீரான பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் அப்போது அரைக் கிளாஸ் ஸ்மூதி கொடுக்கலாம்.

கேள்வி: நீங்கள் சொல்லும் அளவு எனக்குச் சரிவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்சுலின் எடுப்பதில்லை.
— வாசகி, கிளிநொச்சி

பதில்: மீற்றரைக் கேளுங்கள். காலையில் வேறெதுவும் சாப்பிடாமல், ஸ்மூதி குடிக்க முன்னர் ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். பழம் வெட்டிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டிய சீனி எண்ணை ஏற்றிக் காட்டும். பழம் பற்றிய பரிசோதனைகளில் அடிக்கடி நடக்கிற பிழை இது. குடிக்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்து, இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி பாருங்கள். 180க்குக் கீழே நிற்பது பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு, கர்ப்பகாலச் சலரோகத்துக்கு 120. உங்களுக்கு வைத்தியர் வேறு இலக்குச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும்.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்காமல், வேறு வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை பாருங்கள். முதல் நாள் நித்திரை குறைந்தாலும் காய்ச்சல் இருந்தாலும் எண் கூடும். கூடிக்கொண்டே இருந்தால் பழத்தில் 25 கிராமைக் குறையுங்கள், தயிரைக் குறைக்காதீர்கள். பிறகும் கூடினால் காலையில் குடிப்பதை விட்டுப் பின்னேரம் நான்கு மணிக்கு, பிஸ்கற்றுக்குப் பதிலாகக் குடித்துப் பாருங்கள், பலருக்குக் காலை நேரத்தில்தான் உடம்பு இன்சுலினுக்குக் குறைவாக இணங்கும். குடித்த பின் 15 நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்தாலும் எண் இறங்கும். ஒரே கிளாசை, ஒரே அளவில், நடந்த நாளிலும் நடக்காத நாளிலும் பார்த்து இரண்டு எண்ணையும் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்கும் அது உதவும்.